கிட்னிக்கு விலையா, இழப்பீடா?

வணக்கம் சார்,

2025ல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்களின் கிட்னி விற்பனை வெளியே வந்தபோது எல்லாரும் புரோக்கரைத் திட்டினார்கள். எனக்கு வேறொரு கேள்வி. டாக்டருக்குக் காசு, ஆஸ்பத்திரிக்குக் காசு, மாத்திரைக் கம்பெனிக்குக் காசு. உறுப்பைக் கொடுப்பவர் மட்டும் ஏன் சும்மா கொடுக்க வேண்டும்? ஈரான் மாதிரி சட்டபூர்வமாக்கினால் புரோக்கர் தானாக ஒழிய மாட்டானா? கல்லீரலுக்கும் இதே கணக்குத்தானா?

ஆர்.எஸ்., ஈரோடு

*

அன்புள்ள ஆர்.எஸ்.,

கொடுப்பவர் நட்டப்படுவது அநியாயம்தான். ஆனால் சட்டம் அவரை நட்டப்படச் சொல்லவில்லை. 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் எது ‘பணம் கொடுத்தல்’ என்று விளக்கும் இடத்திலேயே, உறுப்பு கொடுத்ததால் நேரடியாக ஏற்பட்ட நியாயமான செலவையும் வருமான இழப்பையும் ஈடுகட்டுவதை விலக்கி வைத்திருக்கிறது. விற்றால், வாங்கினால் 2011 திருத்தத்தின்படி 5 முதல் 10 ஆண்டு சிறை, 20 லட்சம் முதல் 1 கோடி வரை அபராதம். போன கூலியை ஈடுகட்டினால் குற்றமே இல்லை. மத்திய அரசு ஊழியர் உறுப்பு கொடுத்தால் 2023 முதல் 42 நாள் சிறப்பு விடுப்பு உண்டு. தறி ஓட்டுகிறவருக்கு அப்படிக் கொடுக்க ஆள் இல்லை.

அவருடைய நட்டத்தைக் கணக்குப் போடுவோம். ரத்த வகை, திசுப் பொருத்தம், இருவர் ரத்தமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் கிராஸ்மேட்ச், இரண்டு கிட்னியும் தனித்தனியாக எவ்வளவு வேலை செய்கின்றன என்று பார்க்கும் ஸ்கேன், ரத்தக் குழாய்களைப் பார்க்கும் சி.டி. ஆஞ்சியோ, அப்புறம் தானத்துக்கு அனுமதி தரும் அங்கீகாரக் குழு: இவற்றுக்கே 10 நாள் கூலி போகும். சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோபியில் எடுத்தால் ஆஸ்பத்திரியில் 3 முதல் 5 நாள். சின்னத் துளைகள் சீக்கிரம் ஆறிவிடும். கிட்னியை வெளியே எடுக்க அடிவயிற்றில் போடும் வெட்டுத்தான் தொல்லை. 6 வாரத்துக்குள் பாரம் தூக்கினால் அந்த இடத்தில் குடலிறக்கம் வரலாம். தறியில் நூல் சுற்றிய பாவு உருளையைத் தூக்கி மாட்டுகிறவர் அதற்கு மேலும் இரண்டு வாரம் பொறுப்பது நல்லது. தினம் 700 ரூபாய், தோராயமாக 65 நாள் என்று வைத்தால் 45,500. கூட இருப்பவருக்கு 15 நாளுக்கு 10,500. போக்குவரத்து, சாப்பாடு எல்லாம் சேர்த்தாலும் 65,000 தாண்டாது.

இந்தத் தொகைக்காக யாரும் கிட்னியை விற்க வரமாட்டார்கள். தம்பிக்குக் கொடுக்க முன்வந்த அக்கா வட்டிக்கு வாங்காமல் சமாளிக்க இது போதும். இழப்பீட்டுக்கும் விலைக்கும் கோடு கிழிக்க வேண்டிய இடம் இதுதான். கடனை அடைக்கும் அளவுக்குத் தொகை ஏறிவிட்டால் முதலில் கிளம்பி வருபவர் கடனில் மூழ்கியவராகத்தான் இருப்பார். தனக்குச் சர்க்கரை இருப்பதையும் வீட்டில் யாருக்கோ கிட்னி கெட்டதையும் அவர் மறைப்பார். அங்கே பாதிக்கப்படுவது கொடுப்பவர், பெறுபவர் என இரண்டு பேர்.

விற்றவர்கள் கதி என்ன ஆனது என்பதற்குச் சென்னையிலேயே ஆதாரம் இருக்கிறது. கிட்னி விற்ற 305 பேரை 2001ல் சந்தித்து எடுத்த ஆய்வு, அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் 2002ல் வந்தது. 96 சதவீதம் பேர் கடனை அடைக்க விற்றவர்கள். அவர்களில் 74 சதவீதம் பேர் ஆய்வு நடந்தபோதும் கடனில்தான் இருந்தார்கள். குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. விற்றவர்களில் 71 சதவீதம் பெண்கள்.

‘அது கள்ளச் சந்தை, சட்டபூர்வமானால் வேறு மாதிரி இருக்கும்’ என்பீர்கள். ஈரானில் 1988 முதல் சட்டபூர்வம். நோயாளிகளின் சங்கமே விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்து வைக்கிறது. அரசு ஒரு தொகையும் ஓராண்டு மருத்துவக் காப்பீடும் தருகிறது. வெளிநாட்டவர் ஈரானியர் கிட்னியை வாங்க முடியாது. நல்ல தடுப்புகள்தான். ஆனால் அரசுத் தொகையை விலைவாசி தின்றுவிட்டது. மீதியை வாங்குபவரும் விற்பவரும் பேரம் பேசுகிறார்கள். டெஹ்ரானில் ஆஸ்பத்திரிச் சுவர்களில் ரத்த வகையையும் போன் நம்பரையும் எழுதி வைக்கிறார்கள். புரோக்கர் இல்லாவிட்டால் அவன் வேலையை விற்பவரே செய்ய வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

இழப்பீடும் மூன்று இடங்களில் கெடும். ஒன்று, நோயாளியின் குடும்பம் நேரடியாகக் கொடுத்தால் ‘கூலி இழப்பு’ என்ற பெயரிலேயே விலை கைமாறும். பணம் அரசு நிதியிலிருந்து, உறுப்பு கொடுப்பவரின் சொந்த வங்கிக் கணக்குக்கு மட்டுமே போக வேண்டும். இரண்டு, மொத்தமாகக் கொடுத்தால் அன்று மாலையே வட்டிக்காரர் வாசலில் நிற்பார். பாதியை வாரக் கூலி போல 8 தவணையாகவும், மீதியை ஆண்டுதோறும் ரத்த அழுத்தம், கிட்னியின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு, சிறுநீரில் புரதம் பார்க்க வரும்போதும் தரலாம். இதில் இன்னொரு லாபம், கொடுத்தவர் பரிசோதனைக்கு வருவார். கொடுத்தவர்களில் 10,000க்கு 90 பேருக்கு வாழ்நாளில் கிட்னி செயலிழக்கலாம் என்றும், அதே அளவு ஆரோக்கியமாக இருந்தும் கொடுக்காதவர்களில் அது 14 பேர் என்றும் 2014ல் வந்த அமெரிக்க ஆய்வு கணக்கிட்டது. சிறிய ஆபத்துதான், ஆனால் உண்டு. அதைக் கண்டுபிடிக்க ஆண்டுக்கு ஒரு முறை அவர் வந்தாக வேண்டும்.

மூன்றாவதைப் பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை. நம் நாட்டில் உயிரோடு உறுப்பு கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வீட்டு வேலை பார்க்கும் மனைவிக்குச் சம்பளச் சீட்டு ஏது? ‘வருமான இழப்பு’ என்று எழுதினால் அவருக்குப் பூஜ்யம் வரும். குறைந்தபட்சக் கூலியை எல்லாருக்கும் அடித்தளமாக வைத்து, அதற்கு மேல் சம்பாதிப்பவர் சான்று காட்டினால் கூடுதலாகத் தருவதுதான் முறை.

கல்லீரலுக்கு இதே கணக்கு ஆகாது. பெரியவருக்குக் கொடுக்கும்போது பெரும்பாலும் வலப்பக்கம் கிட்டத்தட்ட 60 சதவீதம் எடுப்பார்கள். மீதி இருப்பது சில மாதங்களில் வளர்ந்துவிடும். ஆனால் பித்தநீர் கசிவு போன்ற சிக்கல்கள் வரும். உயிர் ஆபத்தும் கிட்னியைவிடப் பல மடங்கு. அங்கே 90 நாள் கூலியில் தொடங்கி, சிக்கல் வந்து திரும்பச் சேர்ந்தால் அந்த நாட்களையும் கூட்ட வேண்டும்.

அன்புடன்.