திரும்பி வந்த செக்

அன்புள்ள ஐயா,

பேச்சுப் போட்டிக்கு மாணவர்களைத் தயார்செய்கிறேன். அதற்காக மார்ட்டின் லூதர் கிங்கின் ‘எனக்கொரு கனவு உண்டு’ உரையைத் திரும்பப் படித்தேன். சொன்னதையே சொல்லிக்கொண்டு போகிறார். நம் மேடையில் ஒருவர் அப்படிப் பேசினால் வெறும் அடுக்குமொழி என்று சிரிக்கிறோம். அவர் பேசினால் மட்டும் எப்படிச் சிறப்பாகிறது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் சந்தேகம் கிங்கின் ஆட்களுக்கே இருந்தது. ‘கனவு’ தேய்ந்துபோன சங்கதி, வேண்டாம் என்று உரைக்கு முந்தைய நாள் அவருடைய உதவியாளர் வயாட் வாக்கர் சொன்னார். அந்த 1963 ஜூனில்தான் டெட்ராய்ட் நகரில் கிங் அதைப் பேசியிருந்தார். வாஷிங்டன் பேரணிக்கு எழுதிவைத்த உரையில் கனவு கிடையாது. ஆகஸ்ட் 28 அன்று, இரண்டரை லட்சம் பேர் முன்னால் பேசிக்கொண்டிருந்தபோது, பாடகி மஹாலியா ஜாக்சன் ‘அந்தக் கனவைச் சொல்லு, மார்ட்டின்’ என்று குரல் கொடுத்தார். அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும்.

என்னைக் கேட்டால், கனவு வருவதற்கு முன்பே கிங் வழக்கை ஜெயித்துவிட்டார். முதல் பாதியில் ஒரு செக் வருகிறதே, அங்கே.

அமெரிக்க அரசியல் சாசனமும் சுதந்திரப் பிரகடனமும் எல்லா மனிதருக்கும் எழுதிக்கொடுத்த கடன் பத்திரம் என்கிறார். கறுப்பர்களுக்குக் கிடைத்த செக்கோ, கணக்கில் பணமில்லை என்று திரும்பி வந்துவிட்டது. நீதியின் வங்கி திவாலாகிவிட்டது என்பதை நம்ப மாட்டோம், அந்தச் செக்கை மாற்றத்தான் தலைநகருக்கு வந்திருக்கிறோம் என்கிறார். இதைக் கேட்கிற வெள்ளைக்காரர் என்ன செய்வார்? உரிமை கொடுங்கள் என்று கெஞ்சியிருந்தால், கொடுக்கலாமா என்று யோசிக்க அவருக்கு இடமிருந்திருக்கும். இப்போது அவர் கடன்பட்டவர். கையெழுத்தும் அவருடைய முன்னோர்களுடையது.

எனக்கும் ஒருமுறை கட்டுரைக்கு வந்த செக் திரும்பியது. பணம் வராததைவிட, வங்கி என்னிடமே கட்டணம் பிடித்ததுதான் உறைத்தது. இந்த வரிகளைப் படிக்கும்போதெல்லாம் அந்த எரிச்சல் ஞாபகம் வரும்.

சரி, திரும்பச் சொல்வதற்கு வருவோம். கிங் பாதிரியார். பிரசங்கியார் ஒரு வரி சொல்ல, சபை பதில் குரல் கொடுக்கிற தேவாலயத்தில் வளர்ந்தவர். அங்கே வாக்கியத்தின் தலை மாறாது, கேட்பவருக்கு அது பிடிமானம். வால்தான் நகரும். கடைசியில் ‘சுதந்திரம் ஒலிக்கட்டும்’ என்று மலை மலையாகப் போகிறாரே, அந்த வரிசையைப் பாருங்கள். நியூ ஹாம்ப்ஷயர், நியூயார்க், பென்சில்வேனியா, கொலராடோ, கலிஃபோர்னியா. யாருக்கும் உறுத்தாத இடங்கள். அது மட்டும் போதாது என்று சொல்லிவிட்டுத் தெற்கே இறங்குகிறார்: ஜார்ஜியாவின் ஸ்டோன் மவுண்டன். கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டம் 1915இல் மறுபடி உயிர்பெற்ற மலை அது. அதே சொல், அதே ராகம். ஆனால் அங்கே வந்து சேரும்போது அது வேறு சொல்.

வெற்று அடுக்குமொழியில் எந்த வரியை எங்கே தூக்கிப் போட்டாலும் ஒன்றும் கெடாது. இந்த மலைகளை மாற்றி அடுக்கிப் பாருங்கள்.

உங்கள் மாணவர்களில் பாதிப்பேர் கனவுப் பகுதியைத்தான் மனப்பாடம் செய்திருப்பார்கள். ஒருவருக்காவது செக் பகுதியைக் கொடுங்கள். கைதட்டல் குறையலாம், நடுவர் நிமிர்ந்து உட்காருவார்.