ஊர்வலத்தில் யாரிடம் கேட்பாள்?

கேள்வி: எய்ட்ஸ் தினத்தன்று சேலத்தில் கல்லூரி மாணவிகளை வெயிலில் ஊர்வலம் கூட்டிப் போனார்கள். கையில் செல்போன் வைத்திருக்கும் நகரத்துப் பெண்களுக்கு இதெல்லாம் தெரியாதா?
(வாசகர், அஸ்தம்பட்டி)

பதில்: ஊர்வலம் என்று எழுதிவிட்டீர்கள், அதை முதலில் பேசிவிடுகிறேன். ஹெல்மெட்டா, ஓட்டுரிமையா, மரம் நடுவதா, எதற்கும் கல்லூரிப் பிள்ளைகளைத்தான் ரோட்டில் இறக்குகிறார்கள். சிறப்பு விருந்தினர் வரும்வரை நிற்க வேண்டும், கொடியசைத்ததும் நடக்க வேண்டும், போட்டோ எடுத்ததும் கலைய வேண்டும். முன்பு இதை எழுதியபோது ஒரு பேராசிரியர் கோபமாகக் கடிதம் போட்டார். என் கருத்து மாறவில்லை. கலெக்டர் ஆபீஸுக்குப் பக்கத்திலேயே பெரியாஸ்பத்திரி. அங்கே நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். ஆலோசகர் தனியாக உட்காரவைத்துப் பேசுவார். முடிவை வெளியே சொல்லக் கூடாது என்று 2017-ஆம் வருஷத்துச் சட்டமே இருக்கிறது. பத்துப் பத்துப் பேராக அங்கே கூட்டிப் போகலாமே!

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நோயின் பெயர் எல்லோருக்கும் தெரியும். ஆணுறை காக்கும், தொற்றில்லாத ஒரே துணையோடு வாழ்வதும் காக்கும், பார்க்கத் திடமாக இருப்பவருக்கும் தொற்று இருக்கலாம், கொசு கடித்தோ சேர்ந்து சாப்பிட்டோ வராது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் இத்தனையையும் சரியாகச் சொன்ன பெண்கள் நாடு முழுக்க 100-க்கு 22 பேர்தான். ஆண்கள் 31. நகரத்தில் இது கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

செல்போன் இருக்கிறதே என்கிறீர்கள். அந்த செல்போனை அண்ணன் வாங்கிப் பார்க்கிறானே, ஐயா! என்ன தேடினாள் என்று தெரிந்தால் 'உனக்கு எதுக்கு இது?' என்றுதான் வீட்டில் கேட்பார்கள். பள்ளியில் இனப்பெருக்கப் பாடம் வந்தால் 'வீட்டில் படிச்சுக்கங்க' என்று டீச்சர் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார். கல்யாணம் ஆகாத பெண் இதைத் தெரிந்துவைத்திருந்தாலே சந்தேகப்படுகிற ஊர் இது. வாய் திறக்க இடமில்லாதவளுக்கு எப்படித் தெரியும்?

'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' விளம்பரம் ஞாபகம் இருக்கிறதா? 2000-களின் தொடக்கத்தில் டீக்கடையிலெல்லாம் அந்தக் கற்பனை ஆளைப் பற்றித்தான் பேச்சு. நல்ல விளம்பரம்தான். ஆனால் புள்ளிராஜாவின் மனைவிக்கு வருமா என்று ஒருவரும் கேட்கவில்லை. கணவனைத் தவிர வேறு யாரையும் அறியாத எத்தனையோ பெண்களுக்கு அவன் வழியாகத்தான் வந்தது. ஜாதகம் பார்க்கிறோம், பவுன் பேசுகிறோம், மாப்பிள்ளையிடம் ரத்தப் பரிசோதனை கேட்க மட்டும் கூச்சம்.

நல்ல சேதியும் அவளுக்குப் போய்ச் சேரவில்லை. தொற்று உள்ளவர் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தைத் தினமும் தவறாமல் எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உடலுறவில் துணைக்குப் பரவாது. தொற்றுள்ள கர்ப்பிணி மருந்து எடுத்தால் குழந்தையைப் பெரும்பாலும் காத்துவிடலாம்.

உங்கள் வீட்டிலும் பெண்பிள்ளைகள் இருப்பார்கள். எய்ட்ஸ் உதவி எண் 1097-க்குப் போன் பண்ணிக் கேட்கலாம், காசு கிடையாது. இந்தப் பக்கத்துக்கும் எழுதட்டும், பெயரும் ஊரும் வேண்டாம். டாக்டரிடம் கேட்டு அடுத்த இதழிலேயே பதில் போடுகிறேன்.