முதன்முறையாகத் தனியாக டோக்கியோ செல்பவர் வந்திறங்கும் மாலையை எப்படிச் சமாளிப்பது?

மாலை 6 மணிக்கு நரிட்டா விமான நிலையத்தில் இறங்கி, மொழி தெரியாத ஊரில், துணைக்கு ஒருவரும் இல்லாமல், டோக்கியோவின் அசாகுசா பகுதியில் உள்ள விடுதிக்குப் போய்ச் சேர வேண்டும், நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது, பயணத்தையே கைவிட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கைவிட வேண்டாம். இதே வழியில், இதே பகுதிக்கு, முதன்முறையாகத் தனியாகப் போன பெண் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் பயம் ஜப்பான் முழுவதையும் சூழ்ந்திருப்பது போலத் தோன்றினாலும், அது உண்மையில் விமானத்தின் கதவுக்கும் விடுதியின் கட்டிலுக்கும் இடையிலுள்ள மூன்று நான்கு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். ஆகவே புறப்படுமுன் உங்களிடம் இருக்கும் கவனம் முழுவதையும் அந்தச் சில மணி நேரத்துக்கே கொடுங்கள். எந்தக் கோயில், எந்தக் கடைத்தெரு, எந்த மலை என்பதையெல்லாம் மறுநாள் காலையில் முடிவு செய்துகொள்ளலாம்.

முதலில் கைபேசி. இந்தியர்களுக்கு இப்போது சுற்றுலாவுக்கு மின்விசா வழங்கப்படுகிறது. அதற்கான அறிவிப்பை விமான நிலையத்தில் கேட்கும்போது இணையத் தொடர்புள்ள கைபேசியில் திறந்துதான் காட்ட வேண்டும். திரையைப் படமெடுத்து வைத்திருப்பதையோ அச்செடுத்த தாளையோ ஏற்றுக்கொள்வதில்லை. நரிட்டாவில் இலவச வைஃபை உண்டு என்றாலும், இ-சிம் ஒன்றை ஊரிலேயே வாங்கி நிறுவிக்கொண்டு, பவர் பேங்கைக் கைப்பையில் வைத்துக்கொண்டால் மனத்துக்குத் தெம்பாக இருக்கும். குடியேற்றப் பிரிவுக்கும் சுங்கத்துக்கும் வேண்டிய விவரங்களை ‘விசிட் ஜப்பான் வெப்’ தளத்தில் முன்கூட்டியே நிரப்பி, க்யூஆர் குறியீட்டைப் பெற்றுக்கொள்ளுங்கள். வெளிநாட்டினரிடம் கைரேகையும் முகப்படமும் எடுக்கும் நடைமுறை 2007 முதல் இருக்கிறது. இரு கைகளின் ஆட்காட்டி விரல்களையும் கருவியின் மீது வைத்து அழுத்த வேண்டும். என் விரல்கள் வியர்த்திருந்ததால் கருவி முதலில் ரேகையை ஏற்கவில்லை. அதிகாரி முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல், கையைத் துடைத்துக்கொள்ளும்படி சைகை காட்டிவிட்டுக் காத்திருந்தார். எத்தனை நாள் தங்குகிறீர்கள், எங்கே தங்குகிறீர்கள் என்பதற்கு மேல் அவர்கள் பெரும்பாலும் எதுவும் கேட்பதில்லை. கடவுச்சீட்டில் ஒட்டித் தரும் சிறிய தாளில் நீங்கள் எந்தத் தேதி வரை தங்கலாம் என்று இருக்கும். அங்கிருக்கும் வரை கடவுச்சீட்டை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அதை விடுதியில் விட்டுவிட்டு வெளியே போக வேண்டாம்.

நரிட்டா என்ற பெயரோடு டோக்கியோ ஒட்டிக்கொண்டிருந்தாலும், அந்த விமான நிலையம் நகரின் மையத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி, சிபா மாநிலத்தில் இருக்கிறது. வாடகைக் கார் பிடித்தால் கட்டணம் 20,000 யென்னைத் தாண்டிவிடும் என்பதால் அந்த எண்ணமே வேண்டாம். ரயில்தான் வழி. கெய்செய் ரயில் நிறுவனத்தின் ஸ்கைலைனர் விரைவு வண்டி டோக்கியோவின் உவேனோ நிலையத்துக்குப் போகும். உங்கள் இருக்கை முன்பதிவாகிவிடும் என்பதால் நிம்மதியாக உட்காரலாம், ஆனால் அங்கிருந்து அசாகுசாவுக்கு இன்னொரு வண்டி மாற வேண்டும். அதே கெய்செய் நிறுவனத்தின் அக்சஸ் எக்ஸ்பிரஸ் என்ற சாதாரணக் கட்டண வண்டி, சுரங்க ரயில் பாதைக்குள்ளேயே நுழைந்து நேராக அசாகுசாவுக்குப் போய்விடுகிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாறுவதற்குத் தயங்குகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஒரே நடைமேடையில் வெவ்வேறு ஊர்களுக்குப் போகும் வண்டிகள் அடுத்தடுத்து வரும். வண்டியின் நிறத்தைப் பார்த்து ஏறாமல், பலகையில் சேருமிடம் என்ன என்று படித்துவிட்டு ஏறுங்கள். பலகை சில நொடிகளுக்கு ஒருமுறை ஆங்கிலத்துக்கு மாறும். தவறி உவேனோ வண்டியில் ஏறிவிட்டாலும் பெரிய இழப்பில்லை. பல வண்டிகள் ஆவோத்தோ என்ற சந்திப்பில் நிற்கும், அங்கே மாறிக்கொள்ளலாம்.

பயணச்சீட்டுக்குப் பதிலாக பணம் ஏற்றிப் பயன்படுத்தும் வெல்கம் சுய்க்கா அட்டையை விமான நிலையத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். அது 28 நாள் செல்லும். வாயிலில் தொட்டுவிட்டுப் போகலாம், கடைகளிலும் செலுத்தலாம். அட்டையில் பணம் ஏற்ற நிலைய இயந்திரங்கள் பெரும்பாலும் ரொக்கத்தையே கேட்கும் என்பதால் கையில் கொஞ்சம் யென் அவசியம். ‘செவன் இலெவன்’ கடைகளில் உள்ள ஏடிஎம்மில் நம் அட்டைகள் வேலை செய்யும். ஆனால் ஊரை விட்டுக் கிளம்புமுன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நீங்களே இயக்கிவைக்க வேண்டும். நம் அட்டைகளில் அது இயல்பாக மூடப்பட்டே இருக்கும். 2024 ஜூலையில் வெளிவந்த புதிய 5,000 யென் தாளில் இருப்பவர் த்சுதா உமேகோ. 1871-இல், ஆறு வயதில் கப்பலேறி அமெரிக்காவுக்குப் படிக்கப் போனவர். ஊர் திரும்பி 1900-இல் பெண்களுக்கெனக் கல்விக்கூடம் நிறுவினார். அந்தத் தாளைக் கையில் வாங்கும்போது ஒரு நிமிடம் அவரை நினைத்துக்கொள்ளுங்கள் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

உண்மையான சிரமம் ரயிலை விட்டு இறங்கிய பிறகுதான் தொடங்குகிறது. அசாகுசா என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட நிலையங்கள் உண்டு; அவற்றுள் சுகுபா எக்ஸ்பிரஸ் என்ற ரயில் பாதையின் நிலையம் மற்றவற்றிலிருந்து சுமார் 600 மீட்டர் தள்ளியிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பல வெளிவாயில்கள். ஆகவே விடுதிக்கு எழுதி, எந்த ரயில் பாதை, எந்த எண் வாயில் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முகவரியும் நமக்குப் பழகியதல்ல. பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது. சென்சோஜி கோயிலின் முகவரி அசாகுசா 2-3-1. அதாவது இரண்டாம் வட்டம், மூன்றாம் மனைத்தொகுதி, முதல் கட்டடம். உள்ளூர்க்காரர்களே இதில் தடுமாறுவதால், வழி சொல்வது காவலர்களின் அன்றாட வேலைகளில் ஒன்றாகிவிட்டது. தெருமுனைகளில் ‘கோபன்’ என்ற சிறு காவல் சாவடிகளைப் பார்ப்பீர்கள். டோக்கியோவில் இந்த ஏற்பாடு 1874-இல் தொடங்கியது.

கைபேசியின் நீலப்புள்ளி உயரமான கட்டடங்களுக்கு நடுவே அங்குமிங்கும் தாவியதால் நான் ஒரு கோபனுக்குள் போனேன். காவல் நிலையத்துக்குள் போவது என்றால் நம் ஊரில் வளர்ந்த பெண்ணுக்குக் கால் கூசும். அங்கே நடுவயதுக் காவலர் ஒருவர் எழுந்து நின்று, ஜப்பானிய எழுத்தில் நான் எழுதி வைத்திருந்த விடுதிப் பெயரை இரண்டு கைகளாலும் வாங்கிப் படித்தார். ஒவ்வொரு கட்டடமும் எண்ணோடு வரைந்திருந்த தடித்த வரைபடப் புத்தகத்தைப் புரட்டி, விரலால் மனை எண்களைத் தொட்டுக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். பிறகு வாசல் வரை வந்து, இரண்டாவது விளக்குக் கம்பத்தில் இடப்பக்கம் திரும்ப வேண்டும் என்பதைக் கைகளால் காட்டினார். ஆங்கிலம் ஒரு சொல் இல்லை, எனக்கும் அவருடைய மொழி ஒரு சொல் தெரியாது. விடுதி மூன்று நிமிட நடையில் இருந்தது. விடுதியின் பெயர், முகவரி, தொலைபேசி எண் மூன்றையும் ஜப்பானிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

முதல் இரவு தூக்கம் வராது என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். ஜப்பானின் நேரம் நம்முடையதைவிட மூன்றரை மணி நேரம் முன்னே இருக்கிறது. அங்கே நள்ளிரவு 12 மணி என்றால் உங்கள் உடம்புக்கு இரவு எட்டரைதான். விளக்கை அணைத்துவிட்டு விழித்தபடி படுத்திருக்கும் அந்த நேரத்தில்தான், ஏன் வந்தோம், யாரை நம்பி வந்தோம் என்றெல்லாம் மனம் அலைபாயும். பலர் அதை ஊரின் மீதான பயம் என்று எண்ணித் திரும்புவதைப் பற்றி யோசிக்கத் தொடங்குகிறார்கள். அந்த இரவில் எந்த முடிவும் எடுக்காதீர்கள். அன்றைக்குச் சாப்பாடு தேடியும் அலைய வேண்டாம், குறிப்பாகச் சைவமாக இருந்தால். சூப்பும் குழம்பும் ‘தாஷி’ என்ற சாற்றில் தொடங்கும், அதில் பெரும்பாலும் உலர்ந்த மீன் இருக்கும். வீட்டிலிருந்து தட்டையும் முறுக்கும் கொண்டுபோங்கள். வாழைப்பழமும் தயிரும் ‘கொன்பினி’ எனப்படும் எந்தச் சிறு அங்காடியிலும் கிடைக்கும். இறைச்சிப் பொருள்களையும் பழங்களையும் இங்கிருந்து எடுத்துச் செல்லாதீர்கள். சுவரிலுள்ள மின்துளைகள் இரண்டு தட்டைக் கால்களுக்கானவை; நம் உருண்டைக் கால் செருகி அதில் நுழையாது, மாற்றுச் செருகி ஒன்று வேண்டும்.

வீட்டில் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களுக்கு வாக்குறுதி தருவதைவிட நேரம் தருவது பலன் தரும். இறங்கியதும் ஒரு செய்தி, விடுதி அறைக்குள் நுழைந்ததும் ஓர் அழைப்பு என்று சொல்லிவைத்துவிட்டு, இடையில் அழைக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நடைமேடையில் நிற்கும்போது அம்மாவின் பதற்றத்தையும் சேர்த்துச் சுமக்க முடியாது. காவல்துறைக்கு 110, ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் 119 என்ற எண்களை அவர்களிடமும் கொடுத்துவைக்கலாம்.

ஒரே ஒரு சூழலில் மட்டும் உங்கள் திட்டத்தை மாற்றச் சொல்வேன். டோக்கியோவில் ரயில்கள் இரவு முழுவதும் ஓடுவதில்லை. விமானம் தாமதமாகி நீங்கள் சுங்கத்தைக் கடக்கும்போதே மணி பத்தைத் தாண்டிவிட்டால், கடைசி வண்டியைப் பிடிக்க ஓடாதீர்கள். இரண்டாம் முனையத்தை ஒட்டிக் கேப்ஸ்யூல் விடுதி இருக்கிறது, சுற்றுவட்டாரத்தில் வேறு விடுதிகளும் இருக்கின்றன. அசாகுசா விடுதிக்கு மறுநாள் வருவதாக ஒரு செய்தி அனுப்பிவிட்டு அங்கேயே தங்கி, காலை வெளிச்சத்தில் ரயிலேறுங்கள்.