பார்வையற்ற வாடிக்கையாளரால் ஆர்டர் செய்ய முடியவில்லை: எங்கிருந்து தொடங்குவது?

வணக்கம். மயிலாப்பூரில் உள்ள உங்கள் புடவைக் கடையின் இணையதளத்தில் பார்வையற்ற ஒருவரால் ஆர்டர் செய்ய இயலவில்லை என்றும், எதை முதலில் சரிசெய்வது என்றும் கேட்டிருந்தீர்கள்.

மவுஸைத் தொடாமல், விசைப்பலகையை மட்டும் கொண்டு ஒரு புடவையைத் தேர்ந்தெடுத்துப் பணம் செலுத்தும் பக்கம் வரை சென்று பாருங்கள். நீங்கள் சிக்கிக்கொள்ளும் இடத்திலேயே அவரும் நின்றிருக்கக்கூடும். பிறகு என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை (திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் மென்பொருள்) நிறுவி, திரையைப் பார்க்காமல் அதே வழியில் செல்லுங்கள்.

உங்கள் கடைக்குப் படங்களின் மாற்று உரையில்தான், அதாவது படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் வாசிக்கும் விவரிப்பில்தான், வேலை அதிகம். 'புடவை 12' என்பது அவருக்கு எதையும் சொல்லாது. 'அரக்கு நிறக் காஞ்சிபுரம் பட்டு, மஞ்சள் கரை, முந்தானையில் மயில் சரிகை' என்று எழுதினால், கடையில் விற்பனையாளர் விரித்துக் காட்டிச் சொல்வதைப் போல அவர் அறிந்துகொள்வார். இதை மென்பொருளிடம் விடாமல், புடவையை அறிந்தவரே எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பெயர், முகவரிக் கட்டங்களுக்கு நிரலிலேயே லேபிள், அதாவது எந்தக் கட்டம் எதற்கு என்று சொல்லும் பெயர், இணையுங்கள். பக்கத்தின் மொழி தமிழ் என்பதையும் நிரலில் குறிப்பிடுங்கள். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்பது டபிள்யூசிஏஜி என்ற, மாற்றுத்திறனாளிகளும் இணையதளங்களைப் பயன்படுத்துவதற்கான சர்வதேச வழிகாட்டுதலின் இரண்டாம் நிலை (AA) அளவுகோல்; இது பார்வை குறைந்தோருக்கு உதவும்.

திருத்தியபின் அந்த வாடிக்கையாளரையே சோதித்துத் தருமாறு கேளுங்கள். அவருடைய நேரத்திற்கு உரிய கட்டணத்தையும் கொடுங்கள்.