பிள்ளைகளோடு தரையில் உட்காரவா எம்.எஸ்சி. படித்தாள்?

போன சனிக்கிழமை மகளோடு வந்திருந்த பெரம்பூர் அப்பாவுக்கு இதை எழுதுகிறேன். வெயிலில் வந்து அரைமணி நேரம் பேசினீர்கள் சார். மகள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. எம்.எஸ்சி. சைக்காலஜி முடித்த பெண், ஒரு பள்ளியின் சிறப்புக் கல்விப் பிரிவில் இன்டர்னாகச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. கொடுக்கிற ஸ்டைபண்ட் ஆட்டோவுக்கும் சாப்பாட்டுக்குமே சரியாகப் போய்விடுகிறது. கையில் ஒரு பிள்ளை கடித்த தடம். "தரையில் உட்கார்ந்து மூக்குத் துடைத்துவிடவா சார் இவ்வளவு படிக்க வைத்தேன்?" என்று கேட்டீர்கள். வெளியே அடுத்தவர்கள் காத்திருந்ததால் அன்று பாதிதான் சொல்ல முடிந்தது.

அவளை நிறுத்தாதீர்கள். ஆனால் அவள் யாருக்குக் கீழே வேலை பார்க்கிறாள் என்பதை நன்றாக விசாரியுங்கள்.

தரையில் உட்காருவது பற்றி முதலில் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு மாணவி, இதேபோல ஒரு சிறப்புப் பிரிவில் இன்டர்னாக இருந்தாள். அங்கே ஏழு வயதுப் பையன், ஆட்டிசம், பேச்சு வரவில்லை. புதன்கிழமை ஆனால் தரையில் படுத்து அலறுவான், சட்டையைக் கழற்றி எறிவான். புதன்கிழமை பி.டி. பீரியட் உண்டு, வெயிலில் ஓடப் பயப்படுகிறான் என்று எல்லோரும் முடிவுகட்டியிருந்தார்கள். இந்தப் பெண் ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டாள்: முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பின்னால் என்ன நடந்தது. நான்கு வாரம் எழுதிய பிறகு பார்த்தால், அழுகை எப்போதும் காலைப் பிரார்த்தனையிலேயே தொடங்கியிருக்கிறது. பி.டி.யோ மதியம். அப்படியானால் காலையிலேயே வித்தியாசமாக என்ன இருக்கிறது? புதன்கிழமை வெள்ளை யூனிஃபார்ம். வீட்டில் கேட்டபோது பாட்டி பெருமையாகச் சொன்னாராம், வெள்ளைச் சட்டைக்கு மட்டும் கஞ்சி போட்டு அயர்ன் பண்ணி அனுப்புவேன் என்று. விறைப்பான துணி அந்தப் பிள்ளையின் கழுத்தில் அரம் மாதிரி உராய்ந்திருக்கிறது. கஞ்சியை நிறுத்தினார்கள். எல்லாம் மாயமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். சட்டையைக் கழற்றி எறிவது நின்றது, பிரார்த்தனை முடியும்வரை வரிசையில் நின்றான்.

அந்த மூன்று பத்தியும் எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது, உங்கள் மகளும் பரீட்சையில் எழுதித் தேறியிருப்பாள். ஆனால் பாட்டியிடம் கஞ்சி பற்றிக் கேட்க வேண்டும் என்று தோன்றுவது, நாலு வாரம் அந்தப் பையன் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்குத்தான். கடித்த தடமும் அப்படித்தான். எப்போது கடித்தான், அதற்கு முன் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று எழுதி வைத்திருக்கிறாளா, கேளுங்கள்.

இப்போது யாருக்குக் கீழே என்ற விஷயம். இதைச் சொல்ல என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் பயிற்சியில் இருந்தபோது, வடசென்னையில் ஒரு பள்ளியில் எட்டு வயதுப் பையனுக்கு அறிவுத்திறன் சோதனை செய்யச் சொன்னார்கள். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் ஆங்கில மீடியம். நான் தமிழும் ஆங்கிலமும் கலந்து கேள்வி கேட்டேன். பையன் பாதிக்கு விழித்தான், மதிப்பெண் குறைந்தது. மேற்பார்வையாளர் மாதம் ஒருமுறை வருவார். நான் போட்ட எண்களைப் பார்த்து ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அந்தத் தாளைக் காட்டி, டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள் என்று பள்ளி பெற்றோரிடம் சொன்னது. பிறகு வேறொரு இடத்தில், தெலுங்கு தெரிந்த மூத்த உளவியலாளர் ஒருவர் மறுபடி சோதித்தார். பையனுக்கு வயதுக்கேற்ற அறிவுத்திறன் இருந்தது, சிக்கல் வாசிப்பில் மட்டும்தான். அந்த அம்மா இதை என்னிடம் வந்து சொன்ன சாயங்காலம் இன்றும் எனக்கு மறக்கவில்லை.

அதனால்தான் கேட்கிறேன். உங்கள் மகளின் மேற்பார்வையாளர் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் அவளோடு உட்காருகிறார்? அவருக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு எண் இருக்கிறதா? ஆர்.சி.ஐ. என்று சொல்வார்களே, அதுதான். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த அமைப்பு. அதில் பதிவு இல்லாமல் மறுவாழ்வு நிபுணராகத் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறைகூட உண்டு. அறிவுத்திறனுக்குப் பினே-காமத், சேகுயின் பலகை, அன்றாடத் திறன்களுக்கு வைன்லேண்ட் அளவுகோல், கற்றல் குறைபாட்டுக்கு நிம்ஹான்ஸ் சோதனைத் தொகுப்பு, ஆட்டிசத்துக்கு ஐசா, இந்தச் சோதனைகளையெல்லாம் அவள் பார்க்கட்டும், பக்கத்தில் ஆள் இருக்கும்போது செய்தும் பழகட்டும். தனியாகச் சோதித்து ரிப்போர்ட் எழுது, பெற்றோரிடம் நீயே சொல்லிவிடு என்று சொன்னால், அன்றைக்கே அங்கிருந்து வெளியே வரட்டும். எங்கெங்கே இதை முறையாகக் கற்கலாம் என்று பார்த்தால், சென்னை நல்ல ஊர். ஈ.சி.ஆரில் முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோர் நிறுவனம் இருக்கிறது, 2005-ல் தொடங்கியது. கோட்டூர்புரத்தில் வித்யாசாகர் 1985 முதல் நடக்கிறது. வாசிப்பில் தடுமாறும் டிஸ்லெக்சியாவுக்கு என்றே மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் உண்டு.

வேலைக்கு எதிர்காலம் இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது. 1995 சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அதில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டன. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு என்று பொதுத்தேர்வுச் சலுகைக்காகப் பெற்றோர் அலைவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முறையாகச் சோதிக்க ஓர் ஆளும், தனிநபர் கல்வித் திட்டம் எழுத ஓர் ஆளும் வேண்டும்.

ஆனால் எம்.எஸ்சி. மட்டும் போதாது, இதை மறைக்கமாட்டேன். பள்ளி ஆலோசகர் வேலைக்கு அது போதும், ஆனால் சம்பளம் பள்ளிக்குப் பள்ளி மாறும். சிறப்பாசிரியர் ஆக ஆர்.சி.ஐ. அங்கீகரித்த பி.எட். சிறப்புக் கல்வி படிக்க வேண்டும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக இரண்டு வருட எம்.ஃபில் தான் இதுவரை முக்கிய வழியாக இருந்தது. 2020 தேசியக் கல்விக் கொள்கை எம்.ஃபில்லை நிறுத்தச் சொன்னது. இந்தப் படிப்புக்கு மட்டும் 2025-26 சேர்க்கை வரை விலக்கு கொடுத்தார்கள். ஆகவே எதில் சேர்வதானாலும், பணம் கட்டுவதற்கு முன் அந்த நிறுவனத்தின் பெயர் ஆர்.சி.ஐ. இணையதளப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பாருங்கள். ஆன்லைன், தொலைநிலை சைக்காலஜி பட்டம் வேண்டவே வேண்டாம். 2025 முதல் அதற்குப் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. தடை போட்டுவிட்டது.

அப்புறம், நியூஜெர்சியில் இருக்கும் மைத்துனர் 'ஸ்கூல் சைக்காலஜிஸ்ட்' என்று சொன்னாரே, அது வேறு. அமெரிக்காவில் அது தனித் தொழில், மாநில உரிமம் உண்டு. 1975-ல் வந்த சட்டத்தால் அங்கே அரசுப் பள்ளிகள் சிறப்புத் தேவையுள்ள பிள்ளையைச் சோதித்துத் திட்டம் எழுதியே ஆக வேண்டும். பெரும்பாலும் மூன்று வருடப் படிப்பு. கடைசி வருடம் முழுக்க இன்டர்ன்ஷிப், 1200 மணி நேரம், அதில் குறைந்தது 600 மணி நேரம் பள்ளியில். அவள் நாளைக்கு அங்கே போக நினைத்தாலும் இங்கே செய்யும் மணி நேரம் அந்த 1200-ல் கழியாது. ஆனால் விண்ணப்பத்தில் எழுத அவளிடம் உண்மையான விஷயம் இருக்கும்.

வீட்டில் ஒரு காரியம் மட்டும் செய்யுங்கள் சார். ராத்திரி அவள் வந்ததும் ஸ்டைபண்ட் பற்றிக் கேட்காமல், இன்றைக்கு எந்தப் பிள்ளை என்ன செய்தது என்று கேளுங்கள். பெயர் சொல்லமாட்டாள், சொல்லவும் கூடாது. முதல் சில நாள் சுருக்கமாகத்தான் பதில் வரும். அவள் களைத்துப்போவது பெரும்பாலும் பிள்ளைகளால் அல்ல, "என் பையன் எப்போது பேசுவான்?" என்று வாசலில் பிடித்துக் கேட்கும் அம்மாக்களால். அதற்கு என்ன பதில் சொல்வது என்று மேற்பார்வையாளரிடம் கேட்டுக் கற்க வேண்டும். அதுவரை அந்தக் கேள்வியை அவள் வீட்டுக்குத்தான் சுமந்துகொண்டு வருவாள்.

அடுத்த சனிக்கிழமை அவளைத் தனியாக அனுப்புங்கள். தேதி, மணி நேரம், மேற்பார்வையாளர் கையெழுத்தோடு இருக்கும் நோட்டை எடுத்துவரச் சொல்லுங்கள். அப்படி ஒரு நோட்டு இன்னும் போடவில்லை என்றால், பெரம்பூர் ஸ்டேஷன் பக்கத்தில் நாற்பது ரூபாய்க்கு ஒரு லாங்சைஸ் நோட்டு வாங்கிக்கொண்டு வரட்டும், முதல் பக்கத்தை இங்கேயே உட்கார்ந்து எழுதலாம்.