ரிசார்ட் புல்வெளியில் கத்தோலிக்கத் திருமணம் நடக்குமா?

கேள்வி: எனக்கு 28 வயது. லிங்கராஜபுரத்தில் இருக்கிறோம், அப்பா அம்மா கோலார் தங்கவயலிலிருந்து வந்தவர்கள், கத்தோலிக்கக் குடும்பம். நான் கட்டிக்கொள்ளப் போகிறவர் சேலத்துக்காரர், இந்து. இரண்டு வீட்டிலும் சரி சொல்லிவிட்டார்கள். நந்தி மலைப் பக்கம் ஒரு ரிசார்ட் புல்வெளியில், எங்கள் சாமியாரை வரவழைத்துக் கல்யாணம் செய்ய ஆசை. மறுநாள் சேலத்தில் ஐயரை வைத்து முகூர்த்தம் வேண்டும் என்கிறார் அவருடைய அம்மா. பங்குச்சாமி இரண்டுக்குமே தலையாட்டவில்லை. எங்கம்மா அழுதுகொண்டே இருக்கிறார். கேவலம் ஒரு இடத்துக்கு இவ்வளவு சட்டமா? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது) — வாசகி, பெங்களூரு

பதில்: அன்புச் சகோதரி,

இரண்டு வீட்டுப் பெரியவர்களையும் சம்மதிக்க வைத்துவிட்டீர்கள். அதுதான் கஷ்டமான வேலை. மீதியைப் பேசித் தீர்த்துவிடலாம். ஆனால் உங்கள் முழுக் கடிதத்தையும் படித்தபோது எனக்கு ஒன்று உறுத்தியது. புல்வெளியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். பிறக்கப்போகும் பிள்ளைகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் இடம். 1983-இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1118-ஆவது சட்டம்தான் இதைச் சொல்கிறது. மணமக்கள் இருவரும் கத்தோலிக்கர் என்றாலும், ஒருவர் ஞானஸ்நானம் பெற்ற வேறு சபைக்காரர் என்றாலும், கல்யாணம் பங்குக் கோயிலில் (வட்டாரத் தேவாலயத்தில்) நடக்க வேண்டும். வேறு கோயிலில் வைக்கப் பங்குத்தந்தையே அனுமதி தரலாம். கோயில் அல்லாத இடம் என்றால் ஆயரிடம் (பிஷப்பிடம்) போக வேண்டும். ஒருவர் ஞானஸ்நானமே பெறாதவர் என்றால் அதே சட்டம் கொஞ்சம் இளகுகிறது: கோயிலிலோ தகுந்த வேறு இடத்திலோ நடத்தலாம். ஆக, உங்கள் இருவருக்கும் சட்டம் கதவைச் சாத்தவில்லை. ஆனால் எது தகுந்த இடம் என்பதை அந்தந்த மறைமாவட்டம்தான் (ஓர் ஆயரின் நிர்வாகப் பகுதி) பார்க்கும். பார் கவுன்டரும் டிஜே மேடையும் இருக்கிற புல்வெளிக்குச் சம்மதம் கிடைக்கும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன்.

இன்னொன்று பலருக்கும் தெரியாது. பங்குத்தந்தையின் அதிகாரம் அவருடைய பங்கின் எல்லையோடு முடிந்துவிடுகிறது. உங்கள் சாமியார் நந்தி மலையடிவாரத்துக்குத் தானாக வந்து கல்யாணத்தை நடத்தினால், அது செல்லாது. ரிசார்ட் எந்தப் பங்கில் இருக்கிறதோ அந்தப் பங்குத்தந்தையோ, பேராயரோ அவருக்கு அதிகாரம் கொடுத்திருக்க வேண்டும். அத்திப்பள்ளியைத் தாண்டி ஓசூரில் மண்டபம் பிடித்தால் ஆயரே மாறிவிடுவார். அது தர்மபுரி மறைமாவட்டம். "ஃபாதரை நாங்கள் ஏற்பாடு செய்கிறோம்" என்று எந்த ஈவன்ட் மேனேஜராவது சொன்னால், நம்பி அட்வான்ஸ் கட்டிவிடாதீர்கள்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? ஒரு காலத்தில் கெடுபிடியே கிடையாது. ஆணும் பெண்ணும் "உன்னை ஏற்றுக்கொள்கிறேன்" என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டாலே திருச்சபை அதைத் திருமணமாக ஏற்றது. சாமியார் வேண்டாம், சாட்சி வேண்டாம். விளைவு என்ன? ரகசியமாக ஒருத்தியைக் கட்டிக்கொண்டவன், நாளைக்கு "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று இன்னொருத்தியோடு பீடத்தின் முன் போய் நிற்கலாம். கைவிடப்பட்டவள் எதைக் காட்டி நிரூபிப்பாள்? இந்த அநியாயத்தை நிறுத்தத்தான் 1563-இல் திரிதெந்து சங்கம் என்ற ஆயர்கள் பேரவை, பங்குக் குருவும் சாட்சிகளும் இல்லாமல் திருமணம் செல்லாது என்று கட்டளை போட்டது. ஓலை வாசிக்கிற, அதாவது கல்யாணத்தை முன்கூட்டியே கோயிலில் அறிவிக்கிற வழக்கத்தையும் அது மறுபடி வலியுறுத்தியது. இன்றைக்கும் குருவும் இரண்டு சாட்சிகளும் வேண்டும் என்பதன் வேர் அங்கே இருக்கிறது. எனக்கு இந்தச் சட்டத்தின் மேல் மரியாதை வரக் காரணமும் அதுதான். பெண்ணின் கையில் ஒரு ஆதாரத்தைக் கொடுத்த சட்டம் இது.

இப்போது சேலத்து முகூர்த்தம். திருமணச் சம்மதத்தை ஒரே முறைதான் கொடுக்க முடியும் என்கிறது திருச்சபை. கோயிலில் கொடுத்த சம்மதத்தை முன்போ பின்போ இன்னொரு மதச் சடங்கில் மறுபடி கொடுப்பதை 1127-ஆவது சட்டம் தடுக்கிறது. அக்னி வலம் வந்து மறுபடி தாலி கட்டினால் அது இரண்டாவது கல்யாணம் ஆகிவிடும். ஆனால் நம் தமிழ்க் கத்தோலிக்க வழக்கத்தில் தாலி ஏற்கெனவே இருக்கிறதே! சாமியார் மந்திரித்துக் கொடுக்க, பீடத்தின் முன்னால் மாப்பிள்ளை கட்டுகிறார். அவருடைய அம்மாவை முன்வரிசையில் உட்கார வையுங்கள். மகன் தாலி கட்டுவதைக் கண்ணால் பார்க்கட்டும். சேலத்தில் வரவேற்பு வைத்து, பெரியவர்கள் காலில் விழுந்து, அட்சதை வாங்கி, விருந்து போடுங்கள். அந்தத் தாயின் மனசும் முக்கியம். அவருடைய நம்பிக்கையைக் குறைத்து ஒரு வார்த்தை பேசிவிடாதீர்கள்.

சரி, நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். ஞானஸ்நானம் பெறாதவரைக் கத்தோலிக்கர் மணக்க ஆயரின் விதிவிலக்கு வேண்டும். அது இல்லாமல் எந்தப் பேராலயத்தில் நடத்தினாலும் செல்லாது. அதைப் பெற நீங்கள் ஒரு வாக்குக் கொடுக்க வேண்டும்: உங்கள் விசுவாசத்தை விட மாட்டீர்கள், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்க உங்களால் ஆனதெல்லாம் செய்வீர்கள் என்று. வாக்குக் கொடுப்பது நீங்கள் மட்டும்தான். முன்பு இரண்டு பேரிடமும் கேட்டார்கள். 1970-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதை மாற்றினார். உங்கள் மாப்பிள்ளை மதம் மாறவும் தேவையில்லை. ஆனால் நீங்கள் என்ன வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதைப் பங்கு அலுவலகத்தில் சாமியார் வாயிலிருந்து அவர் முதன்முதலாகக் கேட்கக் கூடாது. நீங்களே உட்கார்ந்து சொல்லுங்கள். மழுப்பாதீர்கள். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டவர்கள், குழந்தையின் பெயர்சூட்டு நாளில் இரண்டு சம்பந்திகளுக்கும் நடுவில் சிக்கித் தவிப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவருக்கு மனசில்லை என்றால், கையெழுத்துக்கு முன்பே உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அரசாங்கச் சட்டத்தில் சிக்கல் இல்லை. ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் பொருந்தும். நேரம் காலை 6 முதல் மாலை 7 வரை. இந்துத் திருமணச் சட்டத்தில் பதிய மட்டும் போகாதீர்கள். அதற்கு இருவரும் இந்துவாக இருக்க வேண்டும். கத்தோலிக்கர் ஒருவர் இந்துப் பெண்ணை இந்துக் கோயிலில் மணந்து அப்படிப் பதிந்த திருமணம் செல்லாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

தங்கவயலில் ஞானஸ்நானம் பெற்றிருந்தால், அந்தப் பங்கிலிருந்து புதிதாக எழுதிய சர்டிபிகேட் வாங்குங்கள். பீரோவில் இருக்கும் பழையது உதவாது, ஏனென்றால் ஒருவருக்கு ஏற்கெனவே திருமணம் ஆகியிருந்தால் ஞானஸ்நானப் பதிவேட்டில்தான் குறித்திருப்பார்கள். பூசைப் புத்தகமும் அச்சடித்துவிடாதீர்கள். உங்கள் திருமணம் பொதுவாகத் திருப்பலி (பூசை) இல்லாமல், இறைவார்த்தை வழிபாட்டோடு நடக்கும்.

அம்மா அழுவது புல்வெளிக்காக இருக்காது. மகள் இனி பூசையில் நன்மை (நற்கருணை) வாங்க முடியாமல் போய்விடுமோ என்பதுதான் அந்தத் தலைமுறையின் பயம். விதிவிலக்கு வாங்கி முறைப்படி மணந்தால், ஞாயிறு பூசையில் நீங்கள் இன்றைக்குப் போலவே அவரோடு வரிசையில் நின்று நன்மை வாங்கலாம். இதை அவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.