தையல் கேள்வி பதில்: அம்மாவின் சேலையில் ஒரு வானவில்

கேள்வி: அம்மாவின் பழைய சேலைகளை வெட்டி, நான் நேசிக்கும் பெண்ணுக்கு ஆறு நிற வானவில் விரிப்பு ஒன்று தைக்கிறேன். பட்டும் பருத்தியும் சேரும் இடமெல்லாம் நெளிகிறது. ஊதாச் சேலையும் இல்லை. வீட்டில் பார்த்தவுடன் புரிந்துவிடவும் கூடாது.
- வாசகி, வெள்ளவத்தை (பெயர் வேண்டாம்)

பதில்: இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில், ஒருபால் உறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள் இன்னும் இருக்கும் நாட்டில் உங்கள் கவனம் நியாயமானது. முதலில் நெளிவைப் பார்ப்போம். மெசினின் பல் கீழ்த்துணியை மட்டும்தான் இழுக்கும், மேல்துணி பின்தங்கும். எது அதிகம் இழுபடுகிறதோ அதைக் கீழே வையுங்கள். பட்டின் பின்புறம் சூட்டில் ஒட்டும் மெல்லிய கன்வஸை ஒட்டிய பிறகே வெட்டுங்கள். மேலே ஒரு பருத்தித் துணி போட்டு, அயனைத் தேய்க்காமல் பத்து விநாடி அழுத்தித் தூக்க வேண்டும். தேய்த்தால் பட்டு நகர்ந்து கோணும். சரிகையில் பிளாஸ்டிக் இழை இருந்தால் உருகும், ஓரத்தில் சோதியுங்கள்.

பட்டு நூல் பிரியும். ஆகவே கால் அங்குலத் தையல் போதாது, அரை அங்குலம் விடுங்கள். ஒவ்வொரு நிறத்திலும் 9 அங்குல அகலம், 37 அங்குல நீளம் வெட்டினால், முடித்த விரிப்பு ஏறக்குறைய 36க்கு 48 அங்குலம் வரும். நடுவில் பொலியெஸ்டர் பஞ்சு வேண்டாம், கொழும்புப் புழுக்கத்தில் உடல் வேகும். கிழிந்த பருத்திச் சேலை ஒன்றை இரண்டாக மடித்து வையுங்கள். மூன்று அடுக்கையும் நடுவிலிருந்து வெளிநோக்கி நூலோட்டிய பின் தையுங்கள். ஓரத்தில் தொடங்கினால் சுருக்கம் நடுவில் போய்ச் சிக்கிக்கொள்ளும்.

ஊதாவுக்காகப் புறக்கோட்டைக்கு ஓட வேண்டாம். 1978இல் சான் பிரான்சிஸ்கோவில் கலைஞர் கில்பர்ட் பேக்கர் ஒருபாலீர்ப்பாளர்களின் அடையாளமாக உருவாக்கிய வானவில் கொடியில் எட்டு நிறங்கள் இருந்தன. கடும் இளஞ்சிவப்புத் துணி போதிய அளவு கிடைக்காததால் அந்த நிறம் விடுபட்டது. கிடைத்த துணியே அந்தக் கொடியின் நிறங்களையும் தீர்மானித்தது. அம்மாவின் கத்தரிப்பூ நிறமோ நாவல் நிறமோ போதும்.

மறைப்பதற்கு எங்களுக்குப் பிடித்த வழி ஒன்று: வானவில்லைப் பின்புறம் வைத்து, முன்புறம் ஒரே வெள்ளைப் பருத்தி போடுங்கள். ஆறு நிற நூலால், ஒரு நிறத்துக்கு இரண்டு வரியாக, 3 மில்லிமீற்றர் தையலில் ஓட்டுங்கள். எட்ட நின்றால் வெள்ளை விரிப்பு. மடியில் போடுபவருக்கு மட்டும் நிறம் தெரியும்.

கேள்வி: இறந்துபோன திருநங்கைத் தோழிக்கு நினைவுத்துணி தைக்க விரும்புகிறோம். என்ன அளவு? தமிழ் எழுத்தை எப்படி வெட்டுவது?
- வாசகர்கள், தெஹிவளை

பதில்: எயிட்ஸால் இறந்தவர்களுக்காக 1987இல் அமெரிக்காவில் தொடங்கிய நினைவு விரிப்பின் அளவையே எடுங்கள்: 3 அடிக்கு 6 அடி. ஒரு புதைகுழியின் அளவு அது. அவ்வாண்டு ஒக்ரோபர் 11இல் வாஷிங்டனில் 1,920 துண்டுகள் விரிக்கப்பட்டன. அளவு ஒன்றாக இருந்ததால்தான் எட்டெட்டாக இணைத்து 12 அடிச் சதுரமாக்க முடிந்தது. நீங்களும் பின்னர் மற்றவர்களின் துணியோடு சேர்க்கலாம். மடிப்புக்கு நாற்புறமும் 2 அங்குலம் கூடுதலாக விடுங்கள்.

பெயர், அவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயராகவே இருக்கட்டும். இதில் குடும்பத்தோடு சமரசம் வேண்டாம். எழுத்து 5 அங்குல உயரம் வேண்டும். அதற்குக் குறைந்தால் ண, ழ போன்றவற்றின் சுழிகள் தையலில் அடைபட்டுப்போகும். ஓரத்தை உள்ளே மடிப்பதானால் உட்புற வளைவில் அரை அங்குலத்துக்கு ஒரு சிறு வெட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் வளைவு மூலையாகிவிடும். மெய்யெழுத்தின் புள்ளிக்குத் துணி வெட்ட முயலாதீர்கள். அவருடைய சட்டைப் பொத்தான்களே அழகான புள்ளிகள். கோந்து பூசாதீர்கள், மஞ்சளாகி விறைக்கும்.

கேள்வி: கழுவியதும் சிவப்பு வெள்ளையில் இறங்கிவிட்டது.
- வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: காயவிடாதீர்கள், அயன் பிடிக்காதீர்கள், சூடு பட்டால் கறை நிலைத்துவிடும். பெரிய வாளியில் நிறையத் தண்ணீரும் கொஞ்சம் சலவைத் தூளும் விட்டு ஊறவைத்து, தெளியும்வரை தண்ணீரை மாற்றுங்கள். உப்பும் வினாகிரியும் பருத்திச் சாயத்தைப் பிடித்து வைக்காது. அடுத்த முறை வெட்டுமுன் ஈர வெள்ளைத் துணியால் சிவப்பை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள்.